கட்டக் கூடாத கயிறு

இல்லை. நீ கட்டவில்லை. அப்பாதான் கட்டினார்.

நேற்று போனில் நீ கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். பிறகு "சரிம்மா" என்றாய். அந்தச் சரி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் பார்க்க வந்தவர்களிடம் சொல்லும் சரி. வந்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்வது. அதற்கப்புறம்தான் கல்யாணம் வேண்டாம் என்றாய். நிவேதாவிடமும் சொல்லிவிட்டேன் என்றாய். "கூட வர்றவங்களத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நான் மட்டும் மேல வந்துருவேம்மா. அவளுக்கு எதுக்கு இது?" அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் பிள்ளை பேசுகிற பேச்சா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பூனாவில் உன் ஜன்னலுக்கு வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாம் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

போனில் என் குரல் கெஞ்சிவிடுகிறது. எழுத்தில் கெஞ்சாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். ஒரு சம்பவத்துக்கு ஒரே ஒரு சாட்சி, அந்தச் சாட்சியும் சம்பந்தப்பட்டவனின் தாய் என்று எந்த மாணவி எழுதிக்கொண்டு வந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போடுவேன். இப்போது அந்தச் சாட்சி நான். போதாததற்கு, உனக்காக நான் சொன்ன பொய்களையெல்லாம் நீ பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாய். பள்ளியில் படிக்கும்போது பந்தடித்து நம் கடைப் பெயர்ப்பலகையின் விளக்கை உடைத்தாய். அப்பா வந்து பார்த்ததும், "காத்துல விழுந்துருச்சுங்க" என்றேன். கண் இமைக்கவில்லை. "காத்து பொல்லாதது டீச்சர்" என்று அப்பா கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட உட்கார்ந்தார். அவர் உள்ளே போனதும் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்புட்டு ஈஸியா சொல்றியேம்மா!" என்று சிரித்தாய். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கு எனக்கு எதிராக நிற்கிறது. உன்னைக் காப்பாற்ற நான் எதையும் சொல்வேன் என்பது உலகத்திலேயே உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகவே, என்னை நம்பு என்று எழுதப்போவதில்லை. அன்றைக்குக் கவிழ்ந்த அந்தப் படகை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து கட்டிக் காட்டப்போகிறேன். எந்த முடிச்சு யாருடையது என்று நீயே பார்த்துக்கொள்.

கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்தாய். தூத்துக்குடி முகாமுக்குப் போய்விட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே பாய்மரப் படகைப் பற்றிப் பேசினாய். "வைகையில முழங்கால் நனையல. இவரு பாய்மரக் கப்பல் விடப்போறாராம்" என்று அப்பா சிரித்தார். அடுத்த வாரம் அவரே ப்ளைவுட் வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். காளவாசலில் நம் ஃப்ளெக்ஸ் கடையின் பின்கட்டில், பேனர் சட்டம் அடிக்கிற இடத்தில், நீங்கள் இரண்டு பேரும் அந்தப் படகைச் செய்தீர்கள். இரண்டு ஆள் உட்காரலாம். பாய்க்கு என்ன செய்வது என்று வந்தபோது அப்பா கடைக்குள் போய் ஒரு சுருளை எடுத்துவந்து தரையில் உருட்டிவிட்டார். ஒரு காதணி விழா பேனர். குழந்தையின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதில்தான் பெரிய பாயை வெட்டினீர்கள். மீதியில், யாரோ ஒரு பிரமுகர் கைகூப்பி நிற்க, பக்கத்தில் "வருக வருக" என்று இருந்த மூலையில், முன்னால் கட்டுகிற முக்கோணப் பாய். நீ அதை ஜிப் என்றாய். அப்பா சின்னப் பாய் என்றார். நானும் சின்னப் பாய் என்றே எழுதுகிறேன்.

முதல் தடவை அதை ஏற்றிப் பார்த்தது மொட்டை மாடியில். படகை இரண்டு டயர்மேல் வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தீர்கள். படகின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிக்குப் போகும் கம்பியில் சின்னப் பாயின் முன்விளிம்பை மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு நாய்ச் சங்கிலிக் கொக்கிகள். கயிற்றை இழுத்து ஏற்றியதும் பிரமுகர் தலைகீழாக நின்றார். எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, "என்ன டீச்சர், ஐயா தலைகீழா நிக்கிறாரு, கட்சி மாறிட்டாரா?" என்றார். அப்பா தரையில் உட்கார்ந்து சிரித்தார். நீ மட்டும் சிரிக்காமல் பாயை இறக்கினாய். மூன்று மூலைகளில் எது மிகக் கூரியதோ அதுதான் மேலே போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே மாற்றி மாட்டினாய்.

இனி முடிச்சுகள். முன்பக்கக் கீழ் மூலையை மூக்கில் கட்டியது நீ. பின்பக்க மூலையில் இரண்டு கயிறுகளைக் கட்டியதும் நீ, இறுகினாலும் அவிழ்க்க வருகிற அந்த வளைய முடிச்சைப் போட்டு. ஒரு கயிறு இடப்பக்கக் கப்பி வழியாகப் படகுக்குள் வரும்; இன்னொன்று வலப்பக்கக் கப்பி வழியாக. கப்பிக்குள் வழுகி வெளியே ஓடிவிடாமல் இருக்க, கயிற்றின் நுனியில் எட்டு மாதிரி ஒரு முடிச்சு. அதுவும் நீ. முன்விளிம்பில் குறுக்கே சுருக்கம் விழுந்தால் பாயை ஏற்றுகிற கயிற்றை இன்னும் இழுக்க வேண்டும், நெடுக்கே மடிப்பு விழுந்தால் அளவுக்கு மேல் இழுத்துவிட்டோம் என்றாய். கப்பியை முன்னால் நகர்த்தினால் பாயின் பின்விளிம்பு இறுகும், பின்னால் நகர்த்தினால் அடிவிளிம்பு இறுகும் என்றாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாடம் நடத்துகிறவளுக்குப் பாடம் கேட்கக் கிடைப்பது அபூர்வம். என்னைக் கவிழ்த்த வாளிமேல் உட்காரவைத்து, கயிற்றின் நுனியைக் கையில் கொடுத்தாய். பழைய கேசட்டின் நாடாவைப் பிய்த்துப் பாயின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தாய், காற்று எப்படிப் போகிறது என்று காட்ட.

"இங்கிட்டு இருக்கற நாடா துள்ளுனா இழு. அங்கிட்டு இருக்கறது துள்ளுனா விடு."

"ரெண்டும் துள்ளுனா?"

"ரெண்டும் துள்ளுனா நீ தூங்குறன்னு அர்த்தம்."

நான் நன்றாக இழுத்துப் பிடித்தேன். பாய் பலகைபோல நின்றது. "இப்பத்தானடா அழகா இருக்கு" என்றேன். "அழகா இருக்கும். ஓடாது" என்றாய். பிறகு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். "சந்தேகம் வந்துச்சுன்னா விட்ரும்மா. விட்டா ஒண்ணும் ஆகாது. படபடன்னு அடிக்கும், அம்புட்டுதான். கட்டி மட்டும் வச்சிராத. திடீர்னு காத்து வந்தா அவுக்க நேரம் இருக்காது. இது கையில புடிக்கிற கயிறு."

இதைச் சொன்னவன் நீ. மாடியில், வெயில் தாழ்ந்த நேரத்தில், என்னிடம். இதைச் சொன்னவன் தண்ணீரில் போய் அந்தக் கயிற்றைக் கட்டியிருப்பானா? சரி. தர்க்கம் உன்னைத் தொடாது. தெரியும்.

அன்றைக்கு அப்பாவும் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். நான் பிடியை விட்டதும் பாய் படபடத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்க பேனர் கட்டிய மனிதர். காளவாசல் முக்கில் ஒரு பேனர் படபடத்தால் அவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார். படபடக்கிற ஃப்ளெக்ஸ் என்றால் அவருக்கு, இன்னும் சிறிது நேரத்தில் கிழிந்து யாராவது வண்டிக்காரன் முகத்தில் விழப்போகிற ஃப்ளெக்ஸ். சவுக்குக் கட்டையில் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டு, நடுவில் ஒன்று கட்டு, காற்று போக அங்கங்கே பிறைபோல வெட்டிவிடு. இதுதான் அவர் தொழில். தளர்ந்து ஆடுகிற துணியை அவர் கை சும்மா விடாது. கொடியில் காயும் என் சேலைக்குக்கூட நாலு கிளிப் போடுவார். நம் வீட்டில் கயிறு என்றால் கட்டுவதற்கு. கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, பிடித்தபடியே இருக்க வேண்டிய கயிறு ஒன்று உண்டு என்பதை அவர் காதால் கேட்டார். கைக்கு அது போய்ச் சேரவில்லை.

அந்த வருடம் நல்ல மழை. எழுமலைப் பக்கம் அப்பாவின் ஊர்க் கண்மாய் நிறைந்து கிடந்தது. குட்டியானை வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். கரையில் ஊரே நின்றது. கைகூப்பிய பிரமுகர் மெல்ல ஏறுவதைப் பார்த்து, "யாருகிட்ட ஓட்டு கேட்டு வாரீங்க மாப்ள, மீனுகிட்டயா?" என்று ஒருவர் கத்தினார். "மீனுகிட்டத்தான் மச்சான். மனுசன் எங்க போடுறான்!" என்று அப்பா திருப்பிக் கத்தினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. முதல் சுற்று, அவர் சுக்கானில், நீ சின்னப் பாய்க் கயிற்றில். ஸ்கூட்டர் ஓட்டுவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நன்றாகப் போய் நன்றாகத் திரும்பினீர்கள். உன் கையில் கயிறு இருந்ததாக உனக்கு ஞாபகம் வருகிறதே, அது இந்தச் சுற்று. கயிறு உன் கையில் இருந்தது. கையில்தான் இருந்தது. எங்கும் கட்டப்படவில்லை.

கரைக்கு வந்து இடம் மாறினீர்கள். நான்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்திருந்தேன். இரண்டாவது சுற்றில் நீ சுக்கானில். உன் ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பெரிய பாயின் கயிறு. உனக்கு மூன்றாவது கை கிடையாது. சின்னப் பாய் அப்பாவிடம். கரைப் பனைகளின் மறைவில் காற்று இல்லை, படகு சும்மா நின்றது, கரையில் இருந்தவர்கள் தள்ளிவிடவா என்று கேலி பேசினார்கள். மறைவைத் தாண்டியதும் காற்று பிடித்தது. படகு சாய்ந்தது. "விடுங்கப்பா" என்றாய். அவர் விட்டார். படகு நிமிர்ந்தது. எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் பாய் படபடவென்று அடித்தது. அந்தச் சத்தம் கரைவரை வந்தது.

"கிழிஞ்சிரும்டா" என்றார் அப்பா.

"கிழியாதுப்பா. அப்படியே விடுங்க."

அவர் கேட்கவில்லை. குனிந்து இழுத்தார். இழுத்ததைக் குறுக்குப் பலகையில் சுற்றினார்.

"கட்டாதீங்கப்பா. கையில வைங்க."

"இருடா."

"அப்பா, கட்டாதீங்கன்னு சொல்றேன்ல!"

தண்ணீர்மேல் குரல் எவ்வளவு தூரம் வரும் என்று உனக்குத் தெரியும். மேட்டில் நின்றவர்கள் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தார்கள்; தண்ணீருக்குள் நின்ற எனக்கு மட்டும் பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது. நீ இரண்டு முறை சொன்னாய். உனக்கு ஞாபகம் இல்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. பிறகு பெரிய காற்று வந்தது. பெரிய பாயின் கயிற்றை நீ உடனே விட்டாய். அது அவிழ்ந்து அடித்ததைப் பார்த்தேன். சின்னப் பாய் விடவில்லை. விட முடியாது. அது படகின் மூக்கைத் திருப்பி, சாய்த்து, போட்டது. அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் கருவேல மரங்கள் இருந்தன. அவருக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் குதித்து வளர்ந்தவர். மரக்கிளை, கயிறு, அதன்மேல் ஃப்ளெக்ஸ். துணியாக இருந்தால் விலக்கிவிடலாம்.

மேற்கொண்டு எழுதமாட்டேன். அது உனக்குத் தெரியும். நீ எத்தனை முறை உள்ளே போய் வந்தாய் என்று கரையில் எண்ணியவர்கள் உண்டு. நான் எண்ணவில்லை.

டிராக்டர் டியூபைப் போட்டுக்கொண்டு நீந்தி வந்தவர்கள் அரிவாளால் எல்லாக் கயிற்றையும் அறுத்தார்கள். எது எங்கே கட்டியிருந்தது என்று பார்க்கிற நேரமா அது. கரையில் உன்னைத் துண்டால் போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். சித்தப்பா வந்தார். தன் அண்ணனைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்து, "யாருடா கயித்தக் கட்டினது?" என்றார். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார். நீ "நான்" என்றாய். உன் உதடு நீலமாக இருந்தது. பல் கிட்டியிருந்தது. அப்போது இந்த மழையைப் பெய்யவைத்தது யார் என்று கேட்டிருந்தாலும் நான் என்றுதான் சொல்லியிருப்பாய்.

நான் அங்கேயே சொன்னேன். பிற்பாடு யோசித்துச் சொன்னதில்லை, அங்கேயே, ஈரச் சேலையோடு. "இல்ல, அவருதான் கட்டினாரு. இவன் வேணாம்னு சொன்னான். நான் பாத்தேன்." சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "சரி மதினி. சரி, சரி" என்றார். விசாரிக்க வந்த அதிகாரியிடமும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பேனாவை மூடிவிட்டு, "கவலப்படாதீங்கம்மா, பையன் மேல கேஸெல்லாம் வராது" என்றார். என் தங்கையிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே சொல்லுக்கா, அதான் நல்லது" என்றாள். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு தாய் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோல, இரக்கத்தோடு, தலையை ஆட்டினார்கள். உண்மையைச் சொல்லி அதற்கு ஆறுதல் வாங்கிக்கொண்டவள் நான். நீயும் அவர்களில் ஒருவனாகிவிட்டாய். எல்லோரையும்விட மரியாதையாகத் தலையாட்டுகிறாய்.

விரலுக்கு முடிச்சுப் போட்ட நினைவு இருக்கிறது என்று நேற்று சொன்னாய். இருக்கும். கரையில், காலையில், நீ எல்லா முடிச்சும் போட்டாய். மூக்கில், பின்மூலையில், நுனிகளில். போட வேண்டியவை. சரியாகப் போட்டாய். அந்த விரல்கள் அதை நினைவு வைத்திருக்கின்றன. அவற்றுக்குக் கரை எது, நடுக்கண்மாய் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. குறுக்குப் பலகையில் இருந்தது வேறு முடிச்சு. பேனர் முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு செருகல், மேலே ஒரு இறுக்கு. அது உனக்குப் போடவே வராது. கடையில் எத்தனையோ முறை முயன்று, அப்பா அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். என் ஞாபகமும் தேய்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னதில் வழுவழுப்பாகிவிட்டது. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் கண்மாய் வருவதில்லை. நான் சொல்கிற சொற்கள்தான் வரிசையாக வருகின்றன. சில சாயங்காலங்களில், பேப்பர் திருத்தும்போது, நான் பார்த்தேனா அல்லது பார்க்க விரும்பினேனா என்று பேனாவை நிறுத்திவிடுகிறேன். கரையிலிருந்து படகு அத்தனை பக்கமும் இல்லை. ஒரு நல்ல வக்கீல் என்னைக் கேள்வி கேட்டால் நான் அழுதுவிடுவேன்.

ஆனால் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லாததால் அது இன்னும் தேயவில்லை. பேனர் கட்டி முடித்ததும் அப்பா ஓர் அடி பின்னால் வந்து நிற்பார். உள்ளங்கை இரண்டையும் ஒன்றோடொன்று தட்டித் தூசியை உதறுவார். பிறகு வெறும் கைகளைப் பக்கத்தில் இருப்பவருக்கு விரித்துக் காட்டுவார். முடிந்தது என்று சொல்லமாட்டார், கைதான் சொல்லும். அன்றைக்கு அந்தப் படகில், குறுக்குப் பலகையில் கட்டி முடித்ததும், உட்கார்ந்தபடியே கரைப்பக்கம் திரும்பினார். கையைத் தட்டினார். எனக்கு விரித்துக் காட்டினார். பாய் படபடக்கவில்லை. பலகைபோல நின்றது. நான் சிரித்தேன். அவருக்குப் பின்னால் நீ ஏதோ கத்திக்கொண்டிருந்தாய்.

அவர் கடைசியாகச் செய்தது ஒரு தவறு என்று ஊருக்கெல்லாம் சொல்ல என்னால் முடிந்தது. அதைச் செய்துவிட்டு அவர் எவ்வளவு திருப்தியாக இருந்தார் என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் யாராவது சிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன். இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன். இனி இதுவும் தேயும்.

அத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இப்படி ஒன்றைக் கற்பனை செய்யத் தெரியாதா என்று நீ நினைக்கலாம். தெரியும். என்ன செய்ய.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும். பிடிக்கிற கயிறு, கட்டுகிற கயிறு என்று வைத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டியைப் பற்றி நாலு வரி எழுத யாருக்கும் வரும். எழுதமாட்டேன். ஒரு மனிதர் செத்துப்போன கயிறு அது. பாடத்துக்கு ஆகாது. சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நிவேதாவிடம் மன்னிப்புக் கேட்காதே. கொடுப்பதற்கு அவளிடம் அது இல்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று விலகாதே. அதுவும் ஒருவரைக் கேட்காமல் செய்கிற காரியம்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வராமல் இருந்தால் எனக்குப் பழகிவிட்டது என்று நினைக்காதே. பழகவில்லை. முக்கியமாக, அப்பாமேல் கோபப்படு. உனக்கு அந்த உரிமை உண்டு. பிள்ளை இரண்டு முறை சொல்லியும் கேட்காத மனிதர். உன்னை அந்தத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனவர். நான் தினமும் கோபப்படுகிறேன். சமைக்கும்போது, அவர் படத்துக்குப் பூப்போடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. அது ஒன்றுதான் என்னை நடமாட வைத்திருக்கிறது. நீ அந்தக் கோபத்தையெல்லாம் உன்மேல் திருப்பிக்கொண்டு, அவரைச் சாமியாக்கி வைத்திருக்கிறாய். அவர் சாமி இல்லை. பேனர் கட்டுகிறவர். படபடப்பது பிடிக்காதவர்.

கடைசியாக நீ ஒன்று சொன்னாய். போனை வைப்பதற்கு முன். கோபமாகக்கூட இல்லை. "கல்யாணம் நடக்கணும்னுதானம்மா இதெல்லாம் சொல்ற." ராத்திரி முழுக்க அது எனக்குள் கிடந்தது. உன்னால் அப்படித்தான் நினைக்க முடியும். எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறவரை நான் சொல்வதெல்லாம் அதற்காகச் சொல்வதாகத்தான் இருக்கும்.

காலையில் நிவேதாவைக் கூப்பிட்டேன். "கல்யாணத்த நிறுத்தப்போறேன் ஆத்தா. உங்கிட்ட கேக்காம செய்யக் கூடாதுன்னு கூப்புடுறேன்" என்றேன்.

"அவன் எங்கிட்டயும் வேணாம்னான். இப்ப நிறுத்தச் சொன்னது அவனா அத்த, இல்ல நீங்களா?"

"நான்தான்."

"எதுக்கு?"

காரணத்தைச் சொன்னேன். அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செய்ங்க. ஆனா அவன்கூடப் பேசுறத நான் நிறுத்த மாட்டேன்" என்றாள். அது உங்கள் இரண்டு பேர் பாடு என்றேன். அவள் வீட்டில் அவளே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நம் பக்கம் பத்திரிகை வாங்கியவர்களுக்கு நான் ஒவ்வொருவராகச் சொன்னேன். சித்தப்பா, "என்ன மதினி இது, பையன் ஏதும் வம்பு பண்றானா?" என்றார். இல்லை, நான்தான் நிறுத்துகிறேன் என்றேன். இதற்கு மட்டும் அவர் சரி என்று சொல்லவில்லை.

ஆக, நடப்பதற்கு இப்போது கல்யாணம் இல்லை. இந்தக் கடிதத்தால் எனக்கு ஆக வேண்டியது எதுவும் மிச்சமில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும், பேசினாலும் பேசாவிட்டாலும், இதில் எழுதியிருப்பது மாறாது. இனி ஒருமுறை முதலிலிருந்து படி.

மண்டபத்துக்காரரிடம் சொன்னபோது, "தேதிய மாத்திருவமா டீச்சர்?" என்று கேட்டார். "இல்லண்ணே. வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றேன். சற்று முன் அவரே கூப்பிட்டார். டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து அந்தத் தேதியை எடுத்துக்கொண்டதாம். நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன்.